வெறுங்கால் ஓட்டத்துக்கு மாறுகிறவர்களுக்கு: எதை, எப்போது, எவ்வளவு

வெறுங்காலில் ஓடிப் பார்க்கலாம் என்றோ, அடி மெலிந்த ஷூவுக்கு மாறலாம் என்றோ யோசிக்கிறீர்களா? ஷூ வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மாறத் தொடங்கியபோது கிடைத்த ஆலோசனையில் பாதி "இயற்கையானது, தைரியமாக ஓடு" என்றது, மீதி "கால் போய்விடும், வேண்டாம்" என்றது. எந்த வாரம் எவ்வளவு ஓடலாம், எந்த வலி வந்தால் நிறுத்த வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சும் தோலும் சீக்கிரம் பழகும். தசைக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் வேண்டும். எலும்பும் குதிகாலின் பின்னால் இருக்கும் குதிநாணும்தான் மிக மெதுவாக மாறுகிறவை. புதிய சுமை வரும்போது எலும்பில் முதலில் பழைய திசு கரைக்கப்படும், அப்புறம்தான் புதியது படியும். அந்த ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகிவிடும். நடுவில் சில வாரங்கள் அந்த எலும்பு முன்பு இருந்ததைவிடப் பலவீனமாகவே இருக்கும். "நன்றாகத்தானே போகிறது, இன்னும் கொஞ்சம் ஓடலாமே" என்று தோன்றுவதும் அதே வாரங்களில்தான். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

1. உங்களுக்கு இது ஏற்றதா என்று முதலில் பாருங்கள்

சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் ஓட்டம் வேண்டவே வேண்டாம். முள் குத்தியதும் தெரியாது, கொப்புளம் புண்ணாவதும் தெரியாது. சர்க்கரை நோய் இருக்கிறது, ஆனால் உணர்ச்சி சரியாக இருப்பதாக நினைக்கிறீர்கள் என்றாலும் மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்துகொண்டு பிறகு முடிவெடுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது. கால் ரத்த ஓட்டக் குறைபாடு, எலும்பு அடர்த்திக் குறைவு, அண்மையில் பாதத்திலோ கணுக்காலிலோ அறுவை சிகிச்சை, ஆறாத குதிநாண் வலி, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள் இரண்டு. ஒன்று, தடுப்பூசிப் பதிவு. டெட்டனஸ் ஊக்க ஊசி 10 ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டியது. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தெரியாவிட்டால் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். ஆழமான, அழுக்குப் படிந்த காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அப்போதும் ஒன்று போடச் சொல்வார்கள், அதனால் தேதி கையில் இருப்பது நல்லது. இரண்டாவது, பாதத்துக்கோ காலுக்கோ முன்பு எடுத்த எக்ஸ்-ரே, ஸ்கேன் இருந்தால் அவை. பின்னால் ஏதாவது வலி வந்து மருத்துவரிடம் போகும்போது, இது புதிதா பழையதா என்ற கேள்விக்கு அவைதான் பதில் சொல்லும்.

இதிலிருந்து என்ன கிடைக்கும் என்பதிலும் தெளிவு வேண்டும். வெறுங்காலில் ஓடும்போது பலரும் குதிகாலை முதலில் ஊன்றாமல் முன்பாதத்தில் (விரல்களை ஒட்டிய பகுதியில்) இறங்குகிறார்கள். அப்படி ஓடும்போது முழங்காலுக்குப் போகும் சுமை குறைகிறது, ஆனால் கெண்டைக்காலும் குதிநாணும் முன்பாத எலும்புகளும் கூடுதலாகச் சுமக்கின்றன. சுமை இடம் மாறுகிறது, மறைந்துவிடுவதில்லை. முழங்கால் அடிக்கடி தொந்தரவு செய்கிறவர்களுக்கு இது உதவலாம். கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்கிறவர்கள் இரண்டு முறை யோசிக்க வேண்டும். 2010இல் 'நேச்சர்' இதழில் டேனியல் லிபர்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டி "வெறுங்காலில் ஓடினால் காயமே வராது" என்று சொல்கிறவர்கள் உண்டு. முன்பாதத்தில் இறங்கும்போது, தரை தொட்ட கணத்தில் வரும் திடீர் மோதல் விசை பெரும்பாலும் இல்லாமல் போகிறது என்பதே அந்த ஆய்வு காட்டியது. காயம் குறைகிறதா என்பதை அது அளக்கவில்லை.

2. காசுக் கணக்கும் காலக் கணக்கும்

முதல் மூன்று மாதத்துக்கு ஷூவுக்கென்று எதுவும் செலவழிக்க வேண்டியதில்லை. வேண்டியவை ஒரு முள்வாங்கி, கிருமிநாசினி, பிளாஸ்திரி, ஒரு நோட்டு. பழைய ஷூவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் ஓட்டத்தின் பெரும்பகுதி அதில்தான் நடக்கும்.

ஷூ வாங்கும்போதும் "தசையை வலுப்படுத்தும்", "காயம் வராமல் காக்கும்" போன்ற வாசகங்களுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். விரல் விரலாகப் பிரிந்த ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஷூவைத் தயாரிக்கும் விப்ரம் நிறுவனம், நிரூபிக்கப்படாத ஆரோக்கியப் பலன்களை விளம்பரப்படுத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கை 2014இல் 37.5 லட்சம் அமெரிக்க டாலர் ஒதுக்கிச் சமரசமாக முடித்துக்கொண்டது (தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை). நல்ல ஷூதான் அது. ஆனால் எந்த ஷூவும் உங்களுக்குப் பதிலாக உழைக்காது.

காலத்தைப் பொறுத்தவரை, முழுதாக மாற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் பெரிய பந்தயம் ஏதாவது இருந்தால் அதை முடித்துவிட்டுத் தொடங்குங்கள். பந்தயப் பயிற்சியையும் இதையும் ஒன்றாக இழுப்பது இரண்டையும் கெடுக்கும்.

3. முதல் மூன்று வாரம் நடை மட்டும்

வீட்டுக்குள் செருப்போ ஷூவோ போட்டுப் பழகியவர் என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு வெளியே தினமும் 10 நிமிடம், அப்புறம் 20, அப்புறம் 30 நிமிடம் வெறுங்காலில் நடங்கள். ஏற்கெனவே நாள் முழுக்க வெறுங்காலில் இருப்பவர்கள் இந்தக் கட்டத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம்.

இதோடு தினமும் சில பயிற்சிகள் செய்யுங்கள். முழங்காலை நீட்டி வைத்து ஒரு சுற்று, சற்று மடக்கி ஒரு சுற்று என்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. கால் விரல்களை மடக்காமல், உள்ளங்கால் வளைவை மட்டும் சுருக்கி உயர்த்துவது. கட்டைவிரலைத் தரையில் அழுத்தி மற்ற நான்கையும் தூக்குவது, பின்பு மாற்றிச் செய்வது (முதல் நாளில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, ஓரிரு வாரத்தில் கேட்கத் தொடங்கும்). பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது.

அடுத்த படிக்குப் போக நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: ஒற்றைக்காலில் நின்றபடி 20 முறை முழுதாகக் குதிகாலை உயர்த்தி இறக்க முடிய வேண்டும், இரண்டு காலிலும். அதோடு ஒற்றைக்காலில் அரை நிமிடம் தடுமாறாமல் நிற்க வேண்டும். 12, 13லேயே கால் நடுங்குகிறதா? ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். நாள்காட்டி மூன்று வாரம் முடிந்தது என்று சொல்லலாம், கெண்டைக்கால் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

4. எந்தத் தரையில் ஓடுவது

புல் மெத்தென்று இருக்கும், அங்கேயே தொடங்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். புல்லுக்குள் கண்ணாடித் துண்டும் முள்ளும் கண்ணில் படாது. அதோடு மெத்தென்ற தரையில் குதிகாலைத் தொம்மென்று போட்டாலும் வலிக்காது, அதனால் பழைய ஓட்டமுறை அப்படியே தொடரும். ஆழமான உலர்மணல் இன்னும் மோசம். குதிகால் புதைந்து குதிநாண் இழுபடும்.

சுத்தமான, வழுவழுப்பான, கெட்டியான தரைதான் தொடக்கத்துக்கு ஏற்றது. கூட்டிப் பெருக்கிய சிமெண்ட் பாதை, நல்ல தார்ச்சாலை, ஓட்டப்பந்தயத் தடகளம். கெட்டித் தரை தப்பாகக் கால் வைத்தவுடனே சொல்லிவிடும். சரளைக்கல் பாதையைச் சில மாதம் கழித்து, அதுவும் சிறிது தூரம் மட்டும் முயலுங்கள்.

வெயில் நேரத்தில் தார்ச்சாலையின் சூடு காற்றின் சூட்டைவிட வெகுவாகக் கூடியிருக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியாவிட்டால் அங்கே ஓடக் கூடாது. கடுங்குளிரில் ஆபத்து வேறு மாதிரி: பாதம் மரத்துப்போய், தோல் கிழிவதே தெரியாது. உணர்ச்சி போனதும் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். மனித, விலங்குக் கழிவு கலந்திருக்கக்கூடிய ஈர மண்ணையும் தவிருங்கள். கொக்கிப்புழு தோல் வழியாக உடம்புக்குள் போவது அப்படித்தான்.

5. முதல் ஓட்டங்கள்

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் 400 மீட்டர். அவ்வளவுதான். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கி, வெறுங்காலில் 400 மீட்டர் ஓடி, பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு மீதி ஓட்டத்தை முடியுங்கள். ஓட்டத்தின் கடைசியில் ஷூவைக் கழற்றி ஓடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. களைத்த கெண்டைக்கால் புதிய முறையைக் கற்காது.

அடுத்தடுத்த வாரங்களில் ஒரு ஓட்டத்துக்கு 200 மீட்டர் கூட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் கூட்டாமல், கொஞ்சம் குறைத்தே ஓடுங்கள். இப்படிப் போனால், நடைபயின்ற வாரங்களையும் சேர்த்து மூன்று மாத முடிவில் ஒரு ஓட்டத்தில் 2 கிலோமீட்டரை நெருங்கியிருப்பீர்கள். அதன் பிறகு வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். வாரம் 20 கிலோமீட்டர் ஓடுகிறவர் என்றால் வெறுங்கால் தூரம் அந்த 20க்குள் அடங்க வேண்டும், அதற்கு மேல் சேர்க்கக் கூடாது. வேகப் பயிற்சியும் மேட்டு ஓட்டமும் பழைய ஷூவிலேயே இருக்கட்டும்.

கால் வைக்கும் முறையைப் பற்றி ஆயிரம் விளக்கங்கள் உண்டு. தொடக்கத்துக்கு மூன்றே போதும். முதலாவது, ஒவ்வொரு காலடியின் நீளத்தையும் குறைத்து, காலடிகளை வேகப்படுத்துங்கள். நிமிடத்துக்கு 180 காலடி என்று பலரும் சொல்லும் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இப்போது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, அதைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் போதும். கைபேசியில் தாளம் போடும் செயலி இருந்தால் உதவும். இரண்டாவது, பாதம் இடுப்புக்கு வெகு முன்னால் போய் விழாமல் உடம்புக்குக் கீழே இறங்கட்டும். மூன்றாவது, சத்தத்தைக் கேளுங்கள். பக்கத்தில் நடப்பவருக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாகக் கால் விழ வேண்டும்.

இங்கே பலரும் விழும் குழி ஒன்று: முன்பாதத்தில் இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்டுக் குதிகாலைத் தரையில் படவே விடாமல் நுனிக்காலில் ஓடுவது. முன்பாதத்தின் வெளி ஓரம் முதலில் தொடும், உடனே குதிகாலும் மெதுவாகத் தரையைத் தொட்டு எழ வேண்டும். தொடாவிட்டால் கெண்டைக்காலுக்கு ஓய்வு என்பதே கிடையாது, இரண்டாம் நாள் படியிறங்க முடியாது.

உள்ளங்காலில் கொப்புளம் வந்தால் அது எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல் நுனியில் வந்தால் தரையைப் பின்னுக்கு உந்துகிறீர்கள். முன்பாதத்தின் நடுவில் வந்தால் கால் இறங்கும்போது பிரேக் போடுகிறீர்கள், அல்லது பாதம் திருகுகிறது. இந்தத் தகவல் வெறுங்காலில் மட்டும்தான் கிடைக்கும். மெல்லிய ஷூ போட்டதும் தோல் தப்பித்துக்கொள்ளும், ஆனால் எலும்புக்குச் சுமை அதேதான். அதனால்தான் தொடக்கக்காரருக்கு மெல்லிய ஷூவைவிட வெறுங்காலே பாதுகாப்பானது என்கிறேன். தோல் "போதும்" என்று 600 மீட்டரில் நிறுத்திவிடும். மெல்லிய ஷூவோ 6 கிலோமீட்டர் வரை அழைத்துப் போய்விடும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் பழகிய ஓட்டக்காரர்கள் 36 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை 10 வாரத்தில் ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஷூவுக்கு மாற்றினார்கள். முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான ஷூவிலேயே ஓடியவர்களைவிட மாறியவர்களில் அதிகமானோருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோர்ப்பு இருந்தது. எலும்பு சுமை தாங்காமல் திணறுவதன் அடையாளம் அது. 10 வாரம் போதாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

6. எந்த வலி பரவாயில்லை, எதற்கு நிறுத்த வேண்டும்

கெண்டைக்கால் தசை முழுவதும் பரவலாக, இரண்டு காலிலும் ஒரே மாதிரி வலித்தால், ஓடிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூடி மூன்று நான்கு நாளில் அடங்கினால் அது சாதாரணத் தசை வலி. முழுக்க அடங்கும்வரை அடுத்த வெறுங்கால் ஓட்டம் வேண்டாம். வலியோடு நீட்டி இழுத்துப் பயிற்சி செய்யவும் வேண்டாம், மெதுவாக நடந்தால் போதும்.

காலையில் எழுந்து முதல் சில அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே குதிநாண் விறைத்து வலித்தால், அல்லது குதிகாலின் அடியில் ஊசி குத்துவது போல் இருந்தால், அளவு மீறிவிட்டது என்று பொருள். இரண்டு வாரம் வெறுங்கால் ஓட்டத்தை நிறுத்துங்கள். குதிகால் உயர்த்தும் பயிற்சியை வலி கூடாத அளவில் தொடரலாம். திரும்பத் தொடங்கும்போது கடைசியாக ஓடிய தூரத்தில் பாதியிலிருந்து போங்கள்.

இப்போது சொல்வதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாவது மூன்றாவது விரல்களுக்குப் பின்னால், ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, அழுத்தினால் கூடுகிறது, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீரென்கிறது, மேலே லேசான வீக்கம். இது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். உடனே எல்லா ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுக்கும் எக்ஸ்-ரேயில் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது" என்று கேட்டதும் திரும்ப ஓடப் போய்விடாதீர்கள். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ தேவையா என்று நீங்களே கேளுங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் விரிசல் முழு முறிவானால் ஆகும் செலவும் காலமும் அதைவிடப் பல மடங்கு. நுண்விரிசல் என்றால் வழக்கமாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இருக்காது.

மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். தேதி, தரை, வெறுங்கால் தூரம், மறுநாள் காலை எங்கே வலி என்ற நான்கே விஷயம் ஒரு வரியில் எழுதினால் போதும். வலி எந்த வாரத்தில், எந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

7. மெல்லிய ஷூ வாங்குவது

வெறுங்காலில் 2 கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடும் நிலை வந்த பிறகு, சரளைப் பாதைக்கும் குளிருக்கும் சூட்டுக்கும் என்று ஒரு ஜோடி வாங்கலாம்.

கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்பார்கள், நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான ஓட்ட ஷூக்கள் பலவற்றில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். இந்த உயர வித்தியாசம் பூஜ்யமாக இருப்பது ஒன்று, அடிப்பாகம் மெலிந்திருப்பது வேறொன்று. ஆல்ட்ரா நிறுவனத்தின் பல மாடல்களில் வித்தியாசம் பூஜ்யம், ஆனால் மெத்தை தடிமன். நைக்கி ஃப்ரீ நன்றாக வளையும், ஆனால் குதிகால் உயர்ந்திருக்கும். விவோபேர்ஃபுட், ஸீரோ ஷூஸ், ஃபைவ்ஃபிங்கர்ஸ் போன்றவற்றில்தான் அடியும் மெலிந்து, உயரமும் சமமாக இருக்கும். 2015இல் வல்லுநர்கள் கூடி வகுத்த ஒரு குறியீடு எடை, வளையும் தன்மை, உயர வித்தியாசம், குதிகால் தடிமன், பாதத்தைத் திருத்தும் கட்டுமானம் ஆகிய ஐந்தையும் வைத்து ஷூவுக்கு 100 சதவீதத்துக்குள் மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் கூடக் கூட வெறுங்காலுக்கு நெருக்கம். இரண்டு மாடல்களுக்கிடையே குழம்பினால் இந்த ஐந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளவு எடுக்கும் முறை: மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், காகிதத்தின் மேல் முழு எடையோடு நின்று யாரையாவது பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் வரையுங்கள், பெரியதுதான் கணக்கு. வரைந்ததை வெட்டி ஷூவின் இன்சோலை (உள்ளே கிடக்கும் அட்டையை) வெளியே எடுத்து அதன் மேல் வையுங்கள். விரல் பக்கம் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷூ உங்களுக்கானதில்லை, எண் சரியாக இருந்தாலும். நீளவாட்டில் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பிறகு ஷூவை உருட்டிப் பாருங்கள், முறுக்கிப் பாருங்கள். ஒரு கையால் சுருட்ட முடிய வேண்டும்.

விரல் பிரிந்த ஷூ என்றால் ஒவ்வொரு விரலும் அதனதன் பையின் நுனி வரை போகிறதா, முட்டுகிறதா என்று போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் விதியை முதலில் படியுங்கள். பெரும்பாலும் வெளியே அணிந்த ஷூவைத் திரும்ப வாங்க மாட்டார்கள். ரசீதையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் மட்டும் நடந்து பாருங்கள்.

புது ஷூ வந்ததும் தூரத்தைக் கூட்டக் கை பரபரக்கும். வெறுங்காலில் எவ்வளவு ஓடுகிறீர்களோ அதேதான் இதிலும். சில வாரம் கழித்து அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்நுனி தேய்ந்திருந்தால் உந்தி ஓடுகிறீர்கள், குதிகாலின் பின்விளிம்பு தேய்ந்திருந்தால் பழைய முறைக்குத் திரும்பிவிட்டீர்கள். மெத்தை இல்லாததால் இது நசுங்கிப் பழசாவதில்லை, ரப்பர் ஓட்டை விழும்வரை உழைக்கும்.

8. தோலைக் கவனிப்பது

ஓடி முடித்ததும் கழுவித் துடைத்து, கைபேசி வெளிச்சத்தில் உள்ளங்காலை முழுதாகப் பாருங்கள். சின்னச் சிராம்பு ஒன்றை அன்றே எடுத்தால் ஒரு நிமிட வேலை, விட்டால் ஒரு வார வேலை. பித்தவெடிப்பு இருந்தால் இரவில் ஏதாவது களிம்பு தடவுங்கள், ஆனால் கெட்டிப்பட்ட தோலைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

9. பந்தயத்தில் வெறுங்காலோடு

உலகத் தடகள விதிகள் வெறுங்காலில் போட்டியிட அனுமதிக்கின்றன, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கூட ஓடலாம். ஆனால் தனியார் நடத்தும் பந்தயங்கள், குறிப்பாகத் தடை தாண்டும் ஓட்டங்களும் மலைப்பாதை ஓட்டங்களும், ஷூவைக் கட்டாயமாக்கலாம். பதிவுக் கட்டணம் கட்டும் முன் விதிமுறையைப் படித்து, தெளிவாக இல்லாவிட்டால் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். காயத்துக்குக் காப்பீடு தருகிறார்கள் என்றால் அது வெறுங்காலில் ஓடுகிறவருக்கும் பொருந்துமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

நேரம் பதியும் சிப்பைப் பல பந்தயங்களில் ஷூ கயிற்றில் கட்டச் சொல்லித்தான் தருவார்கள். உங்களிடம் கயிறே இருக்காது. கணுக்காலில் சுற்றும் பட்டை ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், முந்தின வாரமே அதைக் கட்டிக்கொண்டு ஓடி, தோல் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.